எண்பத்து நான்காம் பக்கத்து ஆள்

உலு திராம்,
9 ஜூன் 2025

லோஷினி,

எண்பத்து நான்காம் பக்கத்து ஆள் நான்தான் என்று கோயில் கமிட்டிக்குக் காட்டிக்கொடுத்தது நீ.

நான் இல்லை, அம்மா என்பாய். உன் அம்மா செய்ததையும் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை கிருஷ்ணம்மா அத்தை உன் ஆய்வேட்டைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம், இரண்டு முழம் மல்லிகையோடு கோயிலுக்குக் கொண்டுவந்தார். மகள் முதுகலை முடித்துவிட்டாள், புத்தகம் போட்டுவிட்டாள் என்று உன் பெயருக்கு அர்ச்சனை. ஐயர் அதை ஆத்தா பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். அத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கோயில் அலமாரியில் இருக்கட்டும் என்று தலைவர் ஐயாசாமி கையில் கொடுத்துவிட்டார். நம் தாமான் குடியிருப்பில் யார் பிள்ளை பட்டம் வாங்கினாலும் செய்வதுதான். உனக்குத் தெரியாத வழக்கம் இல்லை.

மலாயில் நீ எழுதிய பக்கங்களை யாரும் தொடவில்லை. பின்னால் பேட்டிகள் தமிழில் இருந்தன. கமிட்டியில் இருக்கும் தங்கராஜு மாமா சத்தமாகப் படித்தார். எண்பத்து நான்கு வந்தது. பெயரை மாற்றியிருந்தாய், ஊரை மாற்றியிருந்தாய். ஆனால் நான் பேசியதை ஒரு 'லா' விடாமல் எழுதியிருந்தாய்.

"2060-ல எனக்கு அறுவத்திரெண்டு வயசு. அப்பவும் உறுமிதான் அடிப்பேன் லா. என்னா மாறும்? முட்டி வலிக்கும். அவ்ளோதான் கதை."

மூன்றாவது வரியிலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். செல்வா பேசுகிற மாதிரியே இருக்கிறதே என்று. பேச்சுக்கு மேலே இருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ அங்கே கொட்டை எழுத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்று உனக்கே தெரியும்.

பத்து வருடமாக வீரமுத்து அண்ணன் குழு நம் கோயிலில் மேளம் அடிக்கிறது. ஆறு வருடமாக அதில் நான் உறுமி. கோயில் சட்டத்தில் பதினான்காவது விதி: உறுமியைப் பெண்கள் தொடக்கூடாது. செல்வராணி என்று என் அடையாள அட்டையில் இருப்பது அந்தக் கமிட்டியில் யாருக்குத் தெரியாது? ஐயாசாமி அண்ணனின் மனைவிதான் எங்கள் குழுவுக்குச் சட்டை தைத்தார். எனக்கும் அளவு எடுத்தார். தைத்துக் கொடுத்து, "தோள்ல இறுக்கமா இருந்தா சொல்லு" என்று மட்டும் கேட்டார். தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். அப்படித்தான் ஆறு திருவிழா போனது.

சனிக்கிழமை ஐயாசாமி அண்ணன் வீரமுத்து அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார். புத்தகம் மேசையில் இருந்தது. அட்டையில் குங்குமம். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நான் இருந்தேன்ப்பா. இப்ப அச்சுல வந்துருச்சு. இனிமே தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஜூலை இருபதாம் தேதி பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். அதுவரை நான் உறுமியைத் தொடக்கூடாது. ஆடித் திருவிழா ஆகஸ்ட் மூன்று.

வாட்ஸாப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். அதில் எழுதினால் நீ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த புத்தகத்தில் போடுவாய். தாளில் எழுதுகிறேன். நீயும் தாளிலேயே எழுது.

செல்வா

*

சிகாமட்,
14 ஜூன் 2025

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் நேற்று கல்லூரிக்கு வந்தது. நான்கு முறை படித்தேன். இரண்டாவது வகுப்பு எடுக்கப் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா எனக்குச் சொல்லாமல் செய்துவிட்டார். போனில் கத்தினேன். அவருக்கு என்ன தவறு என்றே புரியவில்லை. "ஆத்தா காலடியில வெச்சது தப்பாடி?" என்று அழுகிறார். தம்பி கணக்கியல் முடித்தபோது அவன் சான்றிதழை வைத்தாராம், அதே மாதிரிதானே என்கிறார்.

மன்னித்துவிடு என்று முதலில் எழுதியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

ஆனால் ஒன்றை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். அறுபத்தொரு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். 2060-இல் ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன, நம் வீடுகளில் எது மாறியிருக்கும், எது அப்படியே இருக்கும். முக்கால்வாசிப் பேர் தொலைக்காட்சியில் கேட்டதைத் திருப்பிச் சொன்னார்கள். தெப்ராவில் ஒரு மாமா, அதற்குள் ஆம்பளையே பிள்ளை பெறுவான், ஆனால் சட்டி பானை கழுவுவது அப்போதும் என் மனைவிதான் என்றார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

நீ மட்டும்தான் எதிர்காலத்தைச் சொல்லவில்லை. நீ வாழ்ந்துகொண்டிருப்பதைச் சொன்னாய். தேர்வாளர் என்ன சொன்னார் தெரியுமா? இந்த ஆய்வின் உயிர் பதினொன்றாம் பேட்டி என்றார். அது நீ. உன்னை வைத்துத்தான் என் முடிவுரையே எழுதினேன். மற்றவர்கள் 2060-இல் வரும் என்று நினைப்பது உலு திராமில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று.

அந்த விதி அநியாயம். எந்தக் காலத்திலோ எவனோ எழுதி வைத்தது. ஜொகூர் பாருவில் எனக்கு ஒரு வழக்கறிஞரைத் தெரியும், இப்படிப்பட்டவற்றுக்குப் பணம் வாங்குவதில்லை. பேசட்டுமா? நீ எதற்காக ஒளிந்துகொள்ள வேண்டும்?

வெள்ளையம்மா அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலில் புண் இருந்ததே, ஆறிவிட்டதா? கேட்டதாகச் சொல்.

என்றும் உன் தோழி,
லோஷினி

*

உலு திராம்,
19 ஜூன் 2025

லோஷினி,

அம்மாவின் கால் புண் ஆறிவிட்டது. நீ கேட்டதாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணு இன்னும் என்னா கேக்கப் போவுதாம்?" என்றார்.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. அதை முதலில் புரிந்துகொள். ஒளிகிறவனை ஊர் தேடும். என்னை யாரும் தேடவில்லை. திருவிழாவில் முந்நூறு பேர் முன்னால் நின்று அடித்தேன். மாதத்தில் சில நாள், "அண்ணே, இன்னிக்கி முடியல" என்பேன். வீரமுத்து அண்ணன் ஏன் என்று கேட்டதில்லை. உறுமியை வாங்கி ரூபேந்திரன் கையில் கொடுத்துவிட்டு, "டேய் செல்வா, அப்ப நீ போயி தண்ணி பாத்துக்க" என்பார். எங்கள் குழுப் பயல்களும் கேட்டதில்லை. இருபது வயது முரடர்கள். மற்றதெல்லாம் கேட்பார்கள், கடன் கேட்பார்கள், என் மோட்டார் சைக்கிளைக் கேட்பார்கள். அதை மட்டும் கேட்கமாட்டார்கள். இதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர்?

அவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. விரத நாளில் பீர் குடித்துவிட்டுக் காவடிக்கு முன்னால் ஆடிய தங்கராஜுவை ஒரு விதியும் தொட்டதில்லை. பதினான்காவது விதி மட்டும் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்போது கொட்டை எழுத்துக்கு வருகிறேன். நீ பேட்டிக்கு முன்னால் எனக்கு ஒரு படிவம் கொடுத்தாய். நான் வேலை செய்யும் கிடங்கு வாசலில், ஓய்வு நேரத்தில், ஃபோர்க்லிஃப்ட் மேலேயே வைத்து எழுதினேன். பெயர், வயது, வேலை, சம்பளம். அப்புறம் மூன்று கட்டம். ஆண், பெண், மற்றவை. நான் மூன்றிலும் ஒன்றும் போடவில்லை. மறந்துபோய் விடவில்லை. பார்த்து, யோசித்து, விட்டேன். நீயும் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் வாங்கி மடித்துப் பையில் வைத்தாய். பரவாயில்லை, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் என் பேச்சுக்கு மேலே என்ன இருக்கிறது? 'பேட்டி 11, மற்றவை, திருநம்பி.' அந்தச் சொல்லை நான் எப்போது சொன்னேன்? இரண்டு மணி நேரம் பதிவு செய்தாயே, போட்டுக் கேள். ஒருமுறையாவது என் வாயில் வந்ததா? அது கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு தைரியமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். நாற்பது வயதில் நானும் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அது என் வேலை. நீ எனக்காக டிக் போட்டுவிட்டாய்.

மளிகைக் கடையில் இரண்டு பெண்கள் அம்மாவிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்களாம். அம்மாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். உன் அறுபத்தொரு பேரில் யாருக்காவது அப்படி ஒரு சாயங்காலம் வந்ததா?

வழக்கறிஞர் வேண்டாம். கோர்ட்டில் ஜெயித்துவிட்டு வந்து நான் யாரோடு மேளம் அடிப்பேன்? நீதிபதியோடா?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இருபதாம் தேதி கூட்டத்துக்கு வா. அந்த ஆள் செல்வா இல்லை என்று சொல். நாலைந்து பேர் பேசியதைக் கலந்து எழுதினேன் என்று சொல். அவ்வளவுதான்.

செல்வா

*

சிகாமட்,
27 ஜூன் 2025

அன்புள்ள செல்வா,

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மூன்று கட்டமும் காலியாக இருக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்கு என்று நினைக்காதே. பதில்களைக் கணினியில் ஏற்றும்போது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளையே அது ஏற்காது. சிவப்பில் காட்டும், அடுத்த பக்கம் போகவிடாது. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "கிட்டத்தட்ட எது பொருந்துமோ அதைப் போடு, இல்லாவிட்டால் அந்த ஆளை எடுத்துவிடு" என்றார். உன்னை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'மற்றவை' போட்டேன். போட்டால் அது என்ன என்று விவரம் கேட்டது. அதையும் போட்டேன். உனக்கு ஒரு போன் அடித்துக் கேட்டிருக்கலாம். அன்று ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று இப்போது யோசித்தால், நீ 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாய் என்று தெரிந்துதான் அடிக்கவில்லை போல.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. கலந்து எழுதினேன் என்று முப்பது நாற்பது பேர் முன்னால் சொன்னால், ஒரு பேட்டியை நானே உருவாக்கினேன் என்று அர்த்தம். யாராவது பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதினால் பட்டம் போய்விடும். முனைவர் படிப்புக்கு உதவித்தொகை கேட்டிருக்கிறேன், ஜூலை பதினெட்டு நேர்காணல். என் அப்பா லோரி ஓட்டிப் படிக்க வைத்தது உனக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அது பொய், செல்வா. நீ இருக்கிறாய். நீ இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

வேறொன்று செய்திருக்கிறேன். இணையத்தில் இருக்கும் பிரதியிலிருந்து அந்தப் பேட்டியை எடுக்க விண்ணப்பம் போட்டேன். மூன்று மாதமாகும் என்கிறார்கள். கூட்டத்துக்கும் வருகிறேன். வந்து விதியைப் பற்றிப் பேசுகிறேன். உறுமி அடிக்கக் கைதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்கிறேன். உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று எடுத்துச் சொன்னால் அவர்களுக்கும் புரியும். ஐயாசாமி அண்ணன் நியாயமானவர்தானே.

என்றும் உன் தோழி,
லோஷினி

*

உலு திராம்,
4 ஜூலை 2025

லோஷி,

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று நம் கோயில் மண்டபத்தில் நீ பேசக்கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன். பேசினால் அன்றைக்கே என் கதை முடிந்தது.

உனக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். இங்கேதான் பிறந்தாய். ஒன்று முதல் ஆறு வரை தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நம் ஆட்கள் ஒரு விஷயத்தை எப்படி விட்டுக்கொடுப்பார்கள் என்று நீ பார்த்ததே இல்லையா? "சரி, செய்" என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். பார்க்காத மாதிரி இருப்பார்கள். லோகேஸ்வரன் சீனப் பெண்ணைக் கட்டியபோது யாராவது சம்மதம் சொன்னார்களா? இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு தீபாவளிக்கு அந்தப் பெண் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அவனைக் கூட்டத்தில் நிற்கவைத்து, சரியா தப்பா, கை தூக்குங்கள் என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

போன வாரம் வீரமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ஐயாசாமி அண்ணன் அவரிடம் தனியாகப் பேசினாராம். "அந்தப் படிச்ச புள்ள வந்து, அது செல்வா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் புஸ்தகத்த அலமாரியில வெச்சுப் பூட்டிருவேன்" என்றாராம். புரிகிறதா? அவருக்கும் என்னைத் துரத்த ஆசையில்லை. தெரியாது என்று மறுபடியும் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழி உன் வாயில் இருக்கிறது.

அது பொய் என்கிறாய். அந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். யாரும் ஏமாறப்போவதில்லை. யாரும் ஏமாறாத பொய்யைச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? பல்கலைக்கழகத்துக்கு எவன் எழுதப்போகிறான்? தங்கராஜுவா? அவருக்குக் கையெழுத்துப் போடவே பேனா கடன் வாங்க வேண்டும்.

உன் பட்டத்தைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. உங்கள் அப்பா லோரியில் நானும்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் உனக்கு அது போனால் வேறொன்று உண்டு. எனக்கு வாரத்தில் ஆறு நாள் தெப்ராவில் கிடங்கு. பெட்டியைத் தூக்கு, பெட்டியை இறக்கு. பாஸ் என்னைக் கூப்பிடுவது 'ஓய்'. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஐந்து பேர் என்னைப் பார்த்து, எப்போது தொடங்குவேன் என்று காத்திருப்பார்கள். நான் குச்சியை உரசாமல் மற்ற மேளம் எதுவும் ஏறாது. நான்கு வாரமாக அது இல்லை. ரூபேந்திரன் அடிக்கிறான். பாவம், தகரக் கூரையில் பூனை ஓடுகிற மாதிரி இருக்கிறது. கோயில் வேலி ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

வா. "அது செல்வா இல்லை" என்று மட்டும் சொல். மூன்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

செல்வா

*

சிகாமட்,
12 ஜூலை 2025

அன்புள்ள செல்வா,

'லோஷி' என்று எழுதியிருந்தாய். அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மூன்று நாளாக உன் கடிதத்தோடு சண்டை போட்டேன். பக்கத்து அறையில் இருக்கும் ஆசிரியையிடம், வேறு யாரோ ஒருவருக்கு நடந்தது மாதிரி சொல்லிக் கேட்டேன். அவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட்டு வா" என்றார். அவர் கணிதம் கற்பிக்கிறார், அவருக்கு எல்லாம் எளிது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் உன்னைப் பற்றி எழுதியபோது பெருமையாகத்தான் எழுதினேன். உன்னைக் காட்டி, பாருங்கள் இவர்களை என்று சொல்ல நினைத்தேன். காட்டியதுதான் தவறு என்று நீ சொல்வது இன்னும் முழுதாக என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் உன் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்பது ஏறிவிட்டது.

வருகிறேன். நீ கேட்டபடியே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி நேர்காணலை முடித்துவிட்டு மறுநாள் பஸ் ஏறுகிறேன். அம்மா நாட்டுக்கோழி அடிக்கிறேன் என்கிறார், நீயும் வா. வராவிட்டாலும் பரவாயில்லை, மண்டபத்தில் பார்க்கிறேன்.

என்றும் உன் தோழி,
லோஷினி

*

உலு திராம்,
23 ஜூலை 2025

லோஷினி,

நீ கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட்டாய். அதனால் நீ செய்தது எங்கே போய் நின்றது என்று நீ பார்க்கவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீ வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். ஐயாசாமி அண்ணன் உனக்கு நாற்காலி போடச் சொன்னார். உனக்குப் பொன்னாடை வேறு வாங்கி வைத்திருந்தார்கள், அது இன்னும் பிளாஸ்டிக் பையோடு அலுவலகத்தில் இருக்கிறது. நான் கடைசி வரிசையில் அம்மாவோடு இருந்தேன். வீரமுத்து அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முடிந்தது, பத்து நிமிடம், அப்புறம் சாப்பாடு என்று நானும் நினைத்தேன்.

ஐயாசாமி அண்ணன் அழகாகத்தான் கேட்டார். "நீ படிச்ச பொண்ணு. ஒரே கேள்விதான்மா. இதுல இருக்கற ஆளு நம்ம செல்வாவா?"

நீ எழுந்து நின்றாய். கையில் ஒரு தாள் வைத்திருந்தாய். எதற்குத் தாள்? மூன்று சொல்லுக்கு எதற்குத் தாள்?

"ஆய்வு நெறிமுறைப்படி, பேட்டி கொடுத்தவங்க யாருன்னு நான் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது."

தங்கராஜு மாமா, "இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானேம்மா? அதுக்கு என்னா சட்டம்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கே உன்மேல் பரிதாபம்.

ஐயாசாமி அண்ணன் விடவில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார். "வேற யாராச்சும் இருக்கலாம் இல்ல? குளுவாங் பக்கம், சிகாமட் பக்கம், அங்கெல்லாம் உறுமி அடிக்கிற பிள்ளைங்க இல்லாமயா?" என்றார். நீ ஆமாம் என்று தலையாட்டியிருந்தால்கூடப் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். நீ தாளைப் பார்த்து அதே வரியை மறுபடியும் படித்தாய். என்னைப் பாதுகாக்கிறாய் என்று உன் முகத்தில் எழுதியிருந்தது.

பதினெட்டாம் தேதி நேர்காணலில் உன்னிடம் என்ன கேட்டார்கள், யார் உன்னைப் பயமுறுத்தினார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஓட்டுக்கு விட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு உறுப்பினர் அட்டை என் பெயரில் இருக்கிறது. செயலாளர் பேரேட்டை விரித்து, செல்வாவை ஆண் குடும்பத் தலைவர் பக்கத்தில் எழுதுவதா, பெண்கள் பக்கத்தில் எழுதுவதா என்று கேட்டார். ஆறு வருடமாக அவரேதான் ஆண்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவரே கேட்டார். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அது என் குழுவில் தவில் அடிக்கிற பையன். கெட்டவன் இல்லை. கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் அப்படிச் சிரித்திருக்கமாட்டான், ஏனென்றால் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

நான் ஓட்டுப் போடவில்லை. விதிப்படி நடக்க வேண்டும் என்று முப்பத்து நான்கு, செல்வா அடிக்கட்டும் என்று பதினொன்று. ஐயாசாமி அண்ணன் தலைவர் என்பதால் கை தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து, "நான் என்னாப்பா பண்ணட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கைவிடமாட்டார்களாம். நான் பால்குடம் எடுக்கலாமாம். பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நிற்கலாமாம், அது பெரிய மரியாதையாம். தவறு தன்னால்தான் என்று நினைத்து உன் அம்மா எனக்கு மஞ்சள் சேலை வாங்கிக்கொண்டு வந்தார். ஜொகூர் பாரு வரை போய் நல்ல சேலையாக வாங்கியிருக்கிறார். ரவிக்கைக்கு அளவு கேட்டார். என் அம்மா வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. "ஒரு வருசம் கட்டிக்க, ஊரு வாய் மூடும்" என்றார். இருபத்தேழு வருடத்தில் அம்மா என்னைச் சேலை கட்டச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வீரமுத்து அண்ணன் வேறொன்று சொன்னார். "ஆம்பளைங்க வரிசையில சும்மா நில்லுடா, கையில ஒன்னும் வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் அவர் குரல் முன்பு மாதிரி இல்லை. 'டா' சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடி இதற்கு முன்னால் இருந்ததில்லை, லோஷினி. அதை அங்கே வைத்தது நீ.

அறுபத்தொரு பேரிடம் 2060-ஐப் பற்றிக் கேட்டாய். முடிவுரை எழுதினாய். பட்டம் வாங்கினாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வருகிற ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பால்குடம் கிளம்பும். அப்போது நான் எங்கே நிற்க வேண்டும்? பெண்கள் வரிசையிலா, ஆண்கள் வரிசையிலா, வேலிக்கு வெளியிலா?

உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று எழுதாதே. ஒரு இடத்தைச் சொல். மூன்றாம் தேதிக்கு முன்னால் உன் பதில் எனக்கு வேண்டும்.

செல்வா

*

உலு திராம்,
1 ஆகஸ்ட் 2025

லோஷினி,

இன்று வெள்ளிக்கிழமை. தபால்காரர் வந்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் பில் மட்டும் போட்டார்.

உனக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று கிருஷ்ணம்மா அத்தை நேற்று அம்மாவிடம் சொன்னாராம். மெதுவாகச் சொன்னாராம், சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாத மாதிரி. அர்ச்சனை செய்யப்போவதில்லையாம். செய்யச் சொல். நான் யார் அர்ச்சனையையும் தடுக்கவில்லை.

பந்தல் போட்டுவிட்டார்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் பெட்டி தூக்கிவைத்தேன், அதற்கு எந்த விதியும் இல்லை. கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது, வருகிறாயா என்று பாஸ் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா சேலையை இஸ்திரி போட்டு என் அறைக் கதவில் மாட்டியிருக்கிறார். உள்ளே போக வேண்டுமானால் அதைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் திருவிழா முடிந்திருக்கும். நான் எங்கேயாவது நின்றிருப்பேன்.

அப்போதும் பதில் எழுது. நான் எங்கே நின்றிருக்க வேண்டும்?

செல்வா